நீள்விரல் கொசு உள்ளான்: இன்றும் உறுதியாகவில்லை

சேற்றுத் திட்டில் உள்ளான் எனும் சிறு கரைப்பறவைகள்: கொசு உள்ளான் 34, டெம்மிங்க் கொசு உள்ளான் 3, பொறி உள்ளான் 11. இவற்றுக்கு நடுவே கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, முதுகில் அடர்ந்த கோடுகளுடன் ஒன்றே ஒன்று. நீள்விரல் கொசு உள்ளான் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் தோன்றுவதை வைத்து அரிய வலசைப் பறவையைப் பதிவு செய்ய முடியாது.

எல்லாச் சிக்கலும் கால் நிறத்தில்தான். கொசு உள்ளானுக்குக் கால் கருப்பு. டெம்மிங்குக்கும் நீள்விரலுக்கும் மஞ்சள் கலந்த வெளிர்நிறம். படிக்கச் சுலபம். சேறு அந்த விதியைக் குழப்பிவிடுகிறது. கருங்கால் மேல் சேறு காய்ந்தால் வெளிறித் தெரியும். மஞ்சள் கால் மேல் ஈரச் சேறு அப்பினால் கருத்துத் தெரியும். சூரியன் எழுந்த முதல் அரை மணியில் எல்லாக் கால்களுமே கொஞ்சம் மஞ்சளடிக்கும். ஆகவே மூட்டுக்குக் கீழே பார்த்து முடிவெடுக்கவே கூடாது. முழங்கால் போலப் பின்பக்கம் மடங்குகிறதே, அந்த மூட்டுக்கு மேலே, வயிற்றிறகுக்குக் கீழே ஒரு சின்னத் துண்டு தெரியும். சேறு அங்கே குறைவாகத்தான் படும். பறவை தண்ணீரில் இறங்கிக் குளித்துவிட்டு வெளியே வரும் அந்த இரண்டு மூன்று விநாடிதான் சரியான நேரம். இன்று அது குளிக்கவே இல்லை.

மஞ்சள் கால் என்று உறுதியானாலும் டெம்மிங்கை விலக்க வேண்டும். டெம்மிங்கின் முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, பெரிதாகக் கோடு இருக்காது. பறக்கும்போது வாலின் இரு ஓரமும் வெள்ளை. நீள்விரலுக்கு உச்சந்தலையின் கருமை அலகு வரை இறங்கும். விரல் நீளம் நல்ல அடையாளம்தான், ஆனால் சேற்றில் புதைந்து கிடக்கும். பறக்கும்போது மட்டும் வாலைத் தாண்டி நீட்டிக்கொண்டு தெரியும். குரலும் உதவும்: கொசு உள்ளானுடையது சுருக்கென்ற ‘டிட்’, டெம்மிங்குடையது இழுத்து அதிரும் ‘டிர்ர்ர்’, நீள்விரலுடையது மெல்ல உருளும் ‘ப்ரிப்’. கூட்டம் எழும்பும்போது எந்தக் குரல் யாருடையது என்று பிரிப்பது கடினம், அதனால் செல்பேசியில் குரல் பதிவை முன்னதாகவே ஓட விட்டுவிடுவது நல்லது.

ஸ்கோப்பை, அதாவது பறவை பார்க்கும் தொலைநோக்கியை, 60 மடங்குக்கு ஏற்றும் ஆசையை அடக்கவே வேண்டும். வெளிச்சம் குறையும், கானல் அலையும் சேர்ந்து பெரிதாகும். 25 முதல் 30 மடங்குதான் சரி. ஒன்பது மணிக்கு மேல் ஈரச் சேற்றின் மேல் காற்று ஆட ஆரம்பித்தால் இறகு விளிம்பு எதுவும் தெளியாது. டிரைபாடின் கால்களை அகல விரித்து, நடுக்கம்பியை ஏற்றாமல், பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் பாதி நடுக்கம் குறையும். உட்கார்ந்து பார்த்தால் இன்னும் நல்லது, பறவையும் பதறாது.

செல்பேசியை ஸ்கோப்பில் மாட்டும் கிளாம்ப் வகை அடாப்டர் பற்றி ஒரு வார்த்தை: ஒவ்வொரு முறையும் மையம் விலகிவிடுகிறது, சரிசெய்வதற்குள் பறவை திரும்பி நிற்கிறது. ஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்கும் அந்த ஐபீஸுக்கென்றே அளவெடுத்த வளையம் இருந்தால் அதையே வாங்குங்கள். புகைப்படத்தை விட 4கே வீடியோ எடுத்து அதிலிருந்து சட்டகங்களைப் பிரிப்பது பலன் தருகிறது. தலை திரும்பும் கணம் தப்பாது.

இப்போதைக்குப் பட்டியலில் ‘இனம் உறுதியாகாத கொசு உள்ளான்’ என்றே இருக்கிறது. அடுத்த முறைக்கு இரண்டு வேலை. திட்டின் ஓரத்தில் சென்டிமீட்டர் குறித்த குச்சி நட்டு நீர்மட்டம் குறிக்க வேண்டும். திட்டு எப்போது மூழ்கும் என்று தெரியும். வெயில் முதுகுப் பக்கம் விழும்படி கிழக்குக் கரையில் விடியும் முன்பே உட்கார்ந்தாக வேண்டும்.