கிட் லென்ஸின் வளைவை நூல் கட்டி அளந்த கதை

வீட்டில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் பழைய படங்களை நகல் எடுக்க கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 மி.மீ. ஜூம், அதாவது கிட் லென்ஸ்தான் கையில் இருக்கிறது. 18-ல் வைத்து எடுத்தால் ஃபிரேமின் நான்கு சட்டங்களும் வெளிப்பக்கம் உப்பித் தெரிகின்றன, 55-க்குத் திருப்பினால் லேசாக உள்பக்கம் இழுக்கின்றன. முதலாவது பேரல் (பீப்பாய் மாதிரி உப்புவது), இரண்டாவது பின்குஷன் (ஊசி குத்தும் மெத்தை மாதிரி உள்வாங்குவது), படம் எடுப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். எந்த ஜூமில் எவ்வளவு வளைகிறது, வளையாத இடம் என்று ஒன்று இருக்கிறதா, அதைத்தான் அளந்து பார்த்தேன்.

அளக்க ஒரு நேர்கோடு வேண்டும். சுவர் டைல்ஸை நம்ப முடியாது, பிரிண்ட் எடுத்த சதுரங்கக் கட்டம் ஓரத்தில் சுருண்டுகொள்ளும். 1971-ல் படங்களிலிருந்து அளவெடுக்கும் துறையின் ஆய்வாளர் டுவேன் பிரவுன் கேமராவை அளவீடு செய்ய எழுதிய கட்டுரையில் உள்ள வழி இதைவிட எளிது: எடை கட்டித் தொங்கவிட்ட நூல். நம்ம கொத்தனாரின் தூக்குக்குண்டேதான். திரைச்சீலைக் கம்பியில் கறுப்புத் தையல் நூலை அரைச் சாண் இடைவெளியில் வரிசையாகக் கட்டி, நுனியில் பழைய போல்ட்டுகளை மாட்டினேன். ஃபேனை நிறுத்தியும் ஆட்டம் நிற்கவில்லை. போல்ட்டுகளைத் தண்ணீர் நிரப்பிய மக்குகளில் முங்கவிட்டதும் அசையாமல் நின்றன. பின்னால் வெள்ளை வேட்டி. கேமராவை நெட்டுக்குத்தலாகத் திருப்பி டிரைபாடில் வைத்ததால் நூல் படத்தின் நீளப்பக்கம் முழுக்க ஓடியது. ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப்பதிவு), செல்ஃப் டைமர், மெனுவில் வளைவைத் தானே சரிசெய்யும் டிஸ்டார்ஷன் கரெக்‌ஷன் ஆஃப்.

இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம், கேமரா சுவருக்குச் சரியாக நேரே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கொஞ்சம் சாய்ந்திருந்தால் நூல்கள் ஒன்றையொன்று நெருங்குவதுபோல் தெரியுமே தவிர, ஒவ்வொரு நூலும் நேராகத்தான் இருக்கும். கீழே நின்று கோபுரத்தை அண்ணாந்து எடுத்தால் மேலே குறுகுவது இந்த ரகம், அதற்கு லென்ஸைத் திட்டுவதில் நியாயமில்லை. கோடே வளைந்தால்தான் லென்ஸ் வேலை.

18-ல் எடுத்ததைத் திறந்து பார்த்தால் நடு நூல் அம்பு மாதிரி நேர். ஓரத்துக்குப் போகப்போக வில்லாகிறது. கடைசி நூலின் மேல்முனையையும் கீழ்முனையையும் ஒரு கோட்டால் இணைத்து, நடுவில் இடைவெளி பார்த்தேன்: சுமார் 60 பிக்சல். 6000-க்கு 4000 படத்தில் இது குறுக்குப்பக்கத்தின் ஒன்றரை சதவீதம். 24-ல் 15-க்குள் இறங்கிவிட்டது, 28 பக்கத்தில் நூலின் தடிமனுக்குள்ளேயே ஒளிந்துகொண்டது, 35-ல் எதிர்ப்பக்கம் திரும்பியது, 55 வரை அப்படியே 10, 12 பிக்சல் என்று உள்நோக்கி நின்றது. ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை எஃப்/5.6-லிருந்து இன்னும் சின்னதான எஃப்/11-க்கு மாற்றியும் ஒரு பிக்சல் நகரவில்லை. எதிர்பார்த்ததுதான்: இது மங்கலாக்கும் குறை இல்லை, புள்ளி கூர்மையாகவே விழுகிறது, ஆனால் இடம் மாறி விழுகிறது.

அப்பர்ச்சர் நடுவில் இருந்து இருபுறமும் கண்ணாடிகள் ஒரே மாதிரி அமைந்தால் ஒரு பக்கத்து வளைவை இன்னொரு பக்கம் பெரும்பாலும் அடித்துவிடும். ஜூமில் அந்தச் சமநிலைக்கு வழியில்லை. என் லென்ஸ் மாதிரி சின்ன ஜூம்களில் ஒளியை விரிக்கும் தொகுதி முன்னால், குவிக்கும் தொகுதியும் அப்பர்ச்சரும் பின்னால். ஜூமைத் திருப்பும்போது இரண்டுக்கும் உள்ள தூரம் மாறுகிறது, வளைவும் கூடவே மாறுகிறது. பேரலிலிருந்து பின்குஷனுக்குப் போகும் வழியில் எங்கோ பூஜ்யத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். என் லென்ஸில் அது 28.

அப்புறம் டார்க்டேபிள் என்ற படத்திருத்த மென்பொருளில், என் லென்ஸின் வளைவுத் தரவைக் கொண்ட லென்ஸ்ஃபன் புரொஃபைலைப் போட்டுப் பார்த்தேன். 18-ல் இருந்த 60 பிக்சல் இரண்டு மூன்றாகச் சுருங்கியது, குறை சொல்ல முடியாது. ஆனால் சும்மா கிடைப்பதில்லை. நேராக்குவதற்காக மூலைகளை வெளியே இழுக்கிறது, கொஞ்சம் படம் வெட்டுப்படுகிறது, ஏற்கெனவே சுமாராக இருக்கும் மூலை இன்னும் மென்மையாகிறது. நகல் வேலைக்கு 28-ல் எடுத்துவிட்டு கரெக்‌ஷனைத் தொடாமல் விடுவதே மேல். 18-லேயே எடுத்தாக வேண்டுமென்றால் பின்னால் தள்ளி நின்று, ஃபிரேமைச் சுற்றித் தாராளமாக இடம் விடலாம்: புள்ளி இடம் மாறும் அளவு மையத்திலிருந்து உள்ள தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், பாதித் தூரத்தில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும்.

நண்பரிடம் வாங்கிய ஒரு 18-200-ஐ அதே நூல்களின் முன்னால் வைத்தபோதுதான் உண்மையான தலைவலி. 18-ல் ஓரத்து நூல் நடுவில் பேரலாக உப்பி, இரண்டு முனைகளிலும் எதிர்ப்பக்கம் திரும்புகிறது, அசல் மீசை. வளைவைத் திருத்தும் ஒற்றை ஸ்லைடரை இழுத்தால் நடு நேராகும்போது முனை கோணுகிறது, முனையைப் பிடித்தால் நடு போகிறது. இதற்கு ஹியூகின் என்ற படங்களை ஒட்டும் மென்பொருளில் நூல்மேல் புள்ளிகளை வரிசையாக வைத்து, நேர்கோடு என்று சொல்லி, வளைவின் வடிவத்தைச் சொல்லும் ஏ, பி, சி மூன்று எண்களையும் சேர்த்துக் கணக்கிட வைக்க வேண்டும். 18-க்கு முடித்துவிட்டேன், அலை போய்விட்டது. 24, 35, 50 பாக்கி; அதுவரை திரைச்சீலைக் கம்பி எனக்கு வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.