மிட்டாய்த் தெருவில் காலை பத்து மணி

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஜவுளிக்கடை நடத்தும் என் தாய்மாமாவைக் கடையை விட்டு வெளியூருக்குக் கிளப்புவது பெரும்பாடு. கோழிக்கோட்டுக்கு என்றதும் மட்டும் உடனே சம்மதித்தார். கறுப்பு அல்வாவின் மீது அவருக்கு இருந்த நாட்டமே காரணம். எனக்கோ, அந்நகரில் நடப்பவர்களுக்காகச் சீரமைக்கப்பட்ட கடைத்தெருவான மிட்டாய்த் தெருவை, பொள்ளாச்சிச் சாலையோரத்தில் முப்பது வருடமாகக் கடை வைத்திருப்பவர் எப்படிப் பார்ப்பார் என்று அறியும் ஆசை.

பாலக்காட்டில் அதிகாலை ரயிலேறி, ஷொர்ணூர் வழியாகப் போய், ஒன்பதரை மணிக்குத் தெருவின் மானாஞ்சிறை முனையில் நின்றோம். மலையாள எழுத்தாளர் எஸ்.கே. பொற்றேக்காட்டின் சிலை இருக்கும் இடம் அது. சரக்கு ஆட்டோக்களிலிருந்து சுமைதூக்கும் தொழிலாளர்கள் துணிப்பொதிகளை இறக்கிக்கொண்டிருக்க, இடையில் கிடைத்த சந்துகளில் எல்லாம் ஸ்கூட்டர்கள் நுழைந்தன.

"இதையா காட்டறதுக்குக் கூட்டிட்டு வந்தே, மாப்ளே?" என்றார் மாமா.

2017 டிசம்பரில் இந்தத் தெரு புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டபோது, காலை பத்து மணி முதல் இரவு பத்து மணி வரை வண்டிகள் நுழையக் கூடாது என்று விதித்தார்கள். பத்து மணி தாண்டிச் சிறிது நேரத்தில் அந்த விதியின் பொருள் காதில்தான் முதலில் விழுந்தது. ஹாரன் சத்தம் அடங்கி, வாசலில் நின்று விலையைக் கூவி அழைக்கும் கடைப்பையன்களின் குரல் மேலெழுந்தது. மின்கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுபோய், கல் பாவி, இருக்கைகளும் விளக்குகளும் அமைத்திருக்கிறார்கள். ஆனால் அதே கல்தரையில்தான் அரை மணி முன்பு நாங்கள் ஆட்டோவுக்கு ஒதுங்கி நின்றோம். சரக்குக்கு ஒரு நேரம், கால்களுக்கு ஒரு நேரம் என்று பிரித்துக் கொடுத்ததே இந்தச் சீரமைப்பின் உயிர் என்று எனக்குப் பட்டது. கல்லை ஒருமுறை பதித்தால் போதும், நேரத்தை நாள்தோறும் காக்க வேண்டும்.

நெரிசலான இத்தெருவுக்கு நெருப்பின் நினைவும் உண்டு. 2007 ஏப்ரலில் இங்கே பட்டாசுக் கடையில் நேர்ந்த வெடிவிபத்தில் எட்டுப் பேர் மாண்டார்கள். அதை நினைக்கும்போது, தெருவில் வண்டி அடைத்து நிற்காதிருப்பது நடப்பவரின் வசதி மட்டும் அல்ல என்று புரிகிறது.

வண்டித் தடையை இங்குள்ள வியாபாரிகள் பலர் எதிர்த்தார்கள் என்று சொன்னதும் மாமா அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டார். "கடை முன்னால வண்டி நிக்கலீன்னா எவன் உள்ள வருவான்?" அவர் வாதத்தை என்னால் முழுக்கத் தள்ள முடியவில்லை. காரில் வருபவர் அதை எங்கோ விட்டுத்தானே வர வேண்டும். அந்த நெருக்கடி பக்கத்துச் சாலைகளுக்கு இடம் மாறும். முழங்கால் வலிக்காரர்களுக்கும் தெரு நீளமானதுதான். ஆயினும் மாமா, தம் முழங்காலை முன்னிட்டு, இருக்கையில் அமர்ந்தவர் ஒரு மணி நேரம் எழவே இல்லை. எதிரிலிருந்த துணிக்கடைக்குள் யார் நுழைகிறார்கள், யார் பையோடு வெளியே வருகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார். கணக்கை என்னிடம் சொல்லவில்லை.

சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் வழிகாட்டுதலின்படி நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்று திரும்பும் ரயிலில் சொன்னேன். "ரெண்டு கஜம்" என்றார் உடனே.

மறுநாள் கடைக்குப் போனபோது துணி அளக்கும் இரும்புக்கோலை எடுத்துக்கொண்டு வாசலில் குனிந்திருந்தார். எங்கள் ஊரில் நடைபாதை என்பது சாக்கடையின் மேல் போட்ட சிமெண்ட் பலகைதான். அது ஒரு கஜத்துக்குச் சற்றுக் கூடுதல். அதன் மேல் சேலை உடுத்திய இரண்டு பொம்மைகளும் தள்ளுபடிப் பலகையும் நின்றிருந்தன. ஒரு பொம்மையை உள்ளே தூக்கி வைத்தார். மற்றதை, தீபாவளி முடியட்டும் என்று விட்டுவிட்டார்.