உத்தரத்தில் தொங்கிய ஜைரோ

ஜைரோ என்பது தலைக்குமேல் சுழலும் ரோட்டரும் (நீண்ட பிளேடுகள்) தள்ளிவிட ஒரு ப்ரொப்பெல்லரும் கொண்ட சிறு விமானம். அதில் வீட்டிலேயே கட்டிக்கொள்ளக்கூடிய ஜைரோபீ என்ற வகையின் வரைபடங்களை முதலில் பிரிண்ட் எடுத்துப் பார்த்தபோது இவ்வளவுதானா என்று இருந்தது. கீழே நீளமாக ஒரு குழாய், நடுவில் நிமிர்ந்து ஒன்று, சக்கரங்களுக்குக் குறுக்கே ஒன்று, எல்லாம் 2 அங்குலச் சதுர அலுமினியக் குழாய், போல்ட் போட்டு முடுக்குவதுதான் வேலை. ரால்ஃப் டாகர்ட் வடிவமைத்தது, 1950களில் இகோர் பென்சன் வீட்டில் கட்டுகிறவர்களுக்காகக் கொண்டுவந்த ஜைரோவின் வழிவந்தது. நான் இதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் எடை. இங்கே அமெரிக்காவில் ஒற்றை இருக்கை, வெற்று எடை 254 பவுண்டுக்குள், பெட்ரோல் 5 கேலனுக்குள், வேகம் 55 நாட் (knot, மணிக்குச் சுமார் 102 கி.மீ.) அளவுக்குள் என்றால் அது அல்ட்ராலைட், லைசென்ஸ் கேட்கமாட்டார்கள்.

குழாய் வேலை ஒரு குளிர்காலம் முழுக்க இழுத்தது. அலுமினியத்தில் பென்சிலால் கோடு போடக்கூடாது, கிராஃபைட் அரிப்பைக் கொண்டுவரும், மார்க்கர்தான் என்பதெல்லாம் அப்போது தெரிந்துகொண்டது. நிமிர்ந்த குழாயில் ஒரு துளை சாய்ந்து போய்விட்டது. ரோட்டரைத் தாங்குகிற குழாய் அது, மனசு கேட்கவில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினேன்.

கட்டுகிறவர்கள் தயவுசெய்து விடக்கூடாதது தொங்கவிட்டுப் பார்ப்பதுதான். ரோட்டரை எடுத்துவிட்டு, அது மாட்டும் போல்ட்டிலேயே மொத்த ஜைரோவையும் செயின் பிளாக்கில் உத்தரத்திலிருந்து தூக்கி, பாதி டேங்க் பெட்ரோலோடு நான் உட்கார்ந்தேன், நண்பர் தூக்குக்குண்டு கட்டிக் கோடு குறித்தார். அப்புறம் வேறொரு புள்ளியில் தொங்கவிட்டு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் எடை மையம். என்னுடையதில் ப்ரொப்பெல்லர் தள்ளும் கோடு அதற்கு 3 அங்குலம் மேலே இருந்தது! பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் ஜைரோவில் ரோட்டரை எஞ்சின் சுற்றுவதில்லை, கீழிருந்து ஏறுகிற காற்றுதான் சுற்றுகிறது. காற்றில் ஒரு கணம் ரோட்டரின் மேல் பாரம் குறைந்தால், மேலே இருந்து தள்ளுகிற எஞ்சின் மூக்கைக் கவிழ்த்துவிடும், ரோட்டர் வேகம் போய்விட்டால் திரும்ப வராது. இப்படித்தான் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள்.

இருக்கையை 4 அங்குலம் உயர்த்தினேன். ஒன்றரை அங்குலம் குறைந்தது. மிச்சத்துக்காக ப்ரொப்பெல்லர் காற்று நேராகப் படுகிற இடத்தில் பெரிய கிடைமட்ட வால் வைத்தேன். எடையை மறுபடி பார்க்கவேண்டி வந்தது, வேறு இடங்களில் குறைத்தேன். மறுபடி தொங்கவிட்டேன்.

சட்டம் கேட்காவிட்டாலும் பயிற்சியாளரோடு இரட்டை இருக்கை ஜைரோவில் பறந்து பழகிய பிறகுதான் என்னுடையதில் ஏறினேன். முதல் சில வாரங்கள் ஓடுபாதையில் உருட்டுவது மட்டும்தான். ரோட்டர் வேகம் பிடிப்பதற்குள் வண்டி வேகமாகிவிட்டால் பிளேடு மேலும் கீழும் அடிக்கத் தொடங்கும், ரோட்டரைச் சாய்த்து ஓட்டுகிற ஸ்டிக் கையில் குதிக்கும். ஒருமுறை அந்தக் குதிப்பு தெரிந்ததும் உடனே த்ராட்டிலை மூடி நிறுத்திவிட்டேன். அடுத்த சனிக்கிழமை காற்றே இல்லாத காலையில் முன்சக்கரம் தானாக எழும்பியது, கொஞ்ச தூரம் போனதும் பின்சக்கரங்களின் சத்தமும் நின்றது. ஆளுயரம்கூட இருக்காது. ஸ்டிக்கை நான் அசைக்கவே இல்லை, மூக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.