ஆறு வருஷம் இல்லை, 36 மாதம்தான்

மலேசியாவில், கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் தம்பியைத் திருட்டுச் சந்தேகத்தில் போலீஸ் பிடித்துப் போய் நான்கு நாள் லோக்காப்பில் வைத்திருந்தார்கள். அப்புறம் ஆள் மாறிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். உள்ளே அடித்ததில், வெளியே வந்தபோது அவனுக்கு இடது காது கேட்கவில்லை. அதற்காகத்தான் வழக்கு.

முதலில் போன வழக்கறிஞர் அலுவலகத்தில் கிளார்க், "பதறாதீங்க அக்கா, ஆறு வருஷம் டைம் இருக்கு" என்றார். அதை நம்பி, போலீசுக்கு எழுதிய புகாருக்குப் பதில் வரட்டும் என்று நாளைக் கடத்தினேன். தெரிந்தவர் சொல்லி வேறொரு வழக்கறிஞரிடம் போனபோதுதான் தலை சுற்றியது. ஆறு வருஷம் சாதாரண ஆட்கள்மேல் போடும் வழக்குக்குத்தானாம். கடமையில் இருந்த அரசு அதிகாரி என்றால், 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதம்தான். 34 மாதம் போயிருந்தது! புகார் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாலும் அந்த மாதக் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். அடிப்பது என்ன கடமை என்று கேட்டேன். "அப்படி வாதாடலாம், ஆனா அதை நம்பித் தேதியைத் தாண்ட விடாதீங்க" என்றார். தோற்றால் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவுத்தொகையும் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டி வரும்.

மாஜிஸ்திரேட் உத்தரவோடு அடைத்து வைத்ததால், காவலைவிட அடியைத்தான் முன்னால் வைக்க வேண்டும் என்றார். அதற்கு மருத்துவ அறிக்கை வேண்டும். கிளினிக் ரசீதை எடுத்தால், எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத் தாள். அன்றே ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி ரெக்கார்ட் கவுண்டரில் முதல் தடவை தம்பி கையெழுத்திட்ட கடிதம் இல்லை என்று திருப்பினார்கள். இரண்டாம் தடவை அவனுடைய ஐசி (அடையாள அட்டை) நகல் இல்லை. இரண்டு நாள் சம்பளம் போனது.

அடுத்தது பெயர். அரசாங்கத்தின்மேல் வழக்குப் போடுவது பற்றிய 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்த அதிகாரிமேலேயே வழக்குப் போட முடியும் என்றால்தான் அரசாங்கமும் பொறுப்பேற்கும். அதனால் யார் செய்தது என்று காட்டியாக வேண்டும். தம்பிக்கு, அடித்தவரின் சட்டையில் இருந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. நல்ல வேளை, வெளியே வந்த அன்று இரவே அதை ஒரு காலண்டர் தாளில் எழுதி வைத்திருந்தான். உங்கள் வீட்டில் இப்படி நடந்தால், அன்றைக்கே எண், நேரம், இடம் எல்லாம் எழுதி வையுங்கள்.

மனு பதிவானபோது 11 நாள் மிச்சம். முத்திரை பதிந்த நகலைத் தம்பி வாங்கித் தன் பெயரைத் தேடிப் படித்தான். பிறகு வலது காதை என் பக்கம் திருப்பி, "எப்போக்கா கூப்பிடுவாங்க?" என்றான்.