பச்சைக் கலர் ரிப்போர்ட்டை நம்பி ஒன்றரை வருஷம் ஓட்டுன கதை

அக்கவுண்ட்ஸ் அண்ணன் ஃபோன் பண்ணா ரெண்டாவது ரிங்லயே எடுத்துருவேன், எடுக்கலைன்னா நேரா என் சீட்டுக்கே வந்து பக்கத்துல நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துக்குவாரு. அன்னைக்கும் எடுத்தேன். "ஏனுங் தம்பி, ஓசூர் பிராஞ்ச்ல இருந்து வந்த ஸ்டாக் ஷீட்டு தொறந்தா நல்லாத்தான் இருக்குதுங்க, எஃப்2 அமுக்கி எண்டர் தட்டுனா மட்டும் செத்துப்போவுது". போயி பாத்தா ஃபார்முலாவுக்கு முன்னாடி அண்டர்ஸ்கோர் எக்ஸ்எல்எஃப்என்னு ஒரு வால் ஒட்டிக்கிட்டு இருக்கு, அதுக்குப் பின்னாடி வி-ஸ்டேக், ரெண்டு மூணு டேபிள ஒன்னுக்குக் கீழ ஒன்னா அடுக்கற ஃபங்ஷன். அதாவது இவரோட எக்ஸெலுக்கு அந்த ஃபங்ஷன் என்னன்னே தெரியாது, சேவ் பண்ணும்போது இருந்த பழைய விடையத்தான் காட்டிக்கிட்டு இருந்திருக்கு, திருப்பிக் கணக்கு போடச் சொன்னதும் ஹேஷ் நேம்னு (இந்தப் பேரு எனக்குத் தெரியாதுங்கற எரர்) கைய விரிச்சிருச்சு.

வி-ஸ்டேக் புதுசுதான், ஆனா அவ்வளவு புதுசில்ல. நான் சொல்றது 2023 கடைசியில, எங்ககிட்ட இருக்குற மைக்ரோசாஃப்ட் 365 ஆஃபிஸுக்கு (சந்தா கட்டறது, புது வசதி தானா வந்துக்கிட்டே இருக்கும்) அது எப்பவோ வந்திருக்கணும். ஃபைல், அக்கவுண்ட் போயி வெர்ஷன் பாத்தேன். 2108. இந்த நம்பர் தெரியாதவங்களுக்கு, முதல் ரெண்டு எண் வருஷம், அடுத்த ரெண்டு மாசம், அப்ப 2108னா 2021 ஆகஸ்ட் சரக்கு. எனக்கு அப்படியே வயித்தக் கலக்கிருச்சு. சரி இவரு ஒருத்தருக்குத்தான் ஏதோ ஆயிருச்சுன்னு மனச தேத்திக்கிட்டு பக்கத்து சீட்டு அக்காவோடத பாத்தேன், 2108. பர்ச்சேஸ்ல பாத்தேன், 2108. கோயம்புத்தூர் ஹெட் ஆபிஸ்ல மொத்தம் நூத்தி நாப்பது சொச்சம் மெஷின்.

இங்க நம்ம பெருமைய கொஞ்சம் சொல்லிக்கணும். பம்ப் கம்பெனிதான், ஐடின்னு நானும் இன்னொரு பையனும் மட்டும்தான், ஆனா டபிள்யூசஸ் சர்வர் (ஓட்டை அடைக்க மைக்ரோசாஃப்ட் விடற பேட்ச வாங்கி ஆபிஸ் மெஷினுக்கெல்லாம் பிரிச்சுக் குடுக்கறது) வச்சு மாசாமாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச் வந்ததும் (நம்ம நேரத்துக்கு ராத்திரி பத்து பதினொன்னுக்கு மேல ஆயிரும்) மறுநாள் அப்ரூவ் பண்ணி, வாரக் கடைசியில ரிப்போர்ட் எடுத்து, பச்சையா இருக்குற அந்த வட்டத்த ஸ்கிரீன்ஷாட் புடிச்சு மேனேஜ்மெண்டுக்கு மெயில் போடற ஆளு நானு. அந்த ரிப்போர்ட் பூரா பச்சை. ஒரு தடவை கூட 97க்கு கீழ எறங்குனதில்ல.

அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம்னு அன்னைக்குத்தான் ஒழுங்கா படிச்சேன். கன்சோல்ல அந்த சதவீத நெடுவரிசையோட தலைப்புல 'இன்ஸ்டால்டு' மட்டும் இல்ல, பக்கத்துல ஒரு கோடு போட்டு 'நாட் அப்ளிகபிள்'னும் இருக்கு. ரெண்டையும் கூட்டித்தான் சதவீதம். பழைய ஆஃபிஸ் 2016, எம்எஸ்ஐ ஃபைலா போடுவோமே அது, விண்டோஸ் மாதிரியே டபிள்யூசஸ்ல இருந்து பேட்ச் வாங்கிக்கிட்டு இருந்துச்சு (2025 அக்டோபர்ல அதோட சப்போர்ட்டே முடிஞ்சிருச்சு). 365 அப்படி இல்ல, அது கிளிக்-டு-ரன், தனக்குன்னு தனி சர்வீஸ் வச்சுக்கிட்டு நேரா இண்டர்நெட்ல இருந்தோ நாம சொல்ற ஷேர்ல (நெட்வொர்க்ல எல்லாரும் தொறக்கற ஃபோல்டர்) இருந்தோ எடுத்துக்கும். டபிள்யூசஸ் லிஸ்ட்ல 365 அப்டேட்டுன்னு பேரு வருமே தவிர அது எஸ்சிசிஎம்னு மைக்ரோசாஃப்ட்டோட பெரிய மேனேஜ்மெண்ட் சாஃப்ட்வேர் வச்சிருக்கறவங்களுக்கு, வெறும் டபிள்யூசஸ் அத எடுத்துக் குடுக்காது. நான் மாசாமாசம் 2016 பேட்ச அப்ரூவ் பண்றேன், மெஷின் எல்லாம் 'எனக்கு இது பொருந்தாது'ன்னு சொல்லுது, அந்த பதில சர்வர் பச்சைல சேத்துருது. பொண்ணு பாக்க வந்தவங்க காபி குடிச்சுட்டு எந்திரிச்சுப் போனத சம்மதம்னு எடுத்துக்கிட்ட மாதிரி.

சரி அப்ப ஏன் ஓசூர்ல மட்டும் புதுசா இருக்கு? அங்க ஐடி ஆளே கெடையாது, யாரும் எதையும் தொடல. இந்தக் கேள்விதான் எல்லாத்துக்கும் சாவி, ஆனா நான் அத விட்டுட்டு ரெண்டு நாள் வேற ரூட்ல போனேன்.

முதல்ல ஃபயர்வால்னு நெனச்சேன். அப்புறம் ப்ராக்ஸி, அதான் நமக்கும் இண்டர்நெட்டுக்கும் நடுவுல நிக்கற சர்வர். இது நல்ல சந்தேகம்தான், இப்பவும் சொல்றேன், ஆஃபிஸ் அப்டேட்ட ஓட்டற டாஸ்க் நம்ம யூசர் பேர்ல ஓடாது, சிஸ்டம் அக்கவுண்ட்ல ஓடும், பிரவுசர்ல போட்டிருக்குற ப்ராக்ஸி அதுக்குத் தெரியாது, அதனால யூசருக்கு எல்லா சைட்டும் தொறக்கும், அப்டேட் மட்டும் வராது. நெட்ஷெல்ல வின்ஹெச்டிடிபி ஷோ ப்ராக்ஸி அடிச்சுப் பாத்தேன், டைரக்ட் ஆக்சஸ்னு வந்துச்சு, ஆகா மாட்டிக்கிச்சுடான்னு சிஸ்டம் அக்கவுண்ட்ல கமாண்ட் ப்ராம்ப்ட் தொறந்து டெஸ்ட் பண்ணா நெட் ஜோரா போகுது, ஏன்னா நாங்க ப்ராக்ஸிய தூக்கி ரொம்ப நாள் ஆச்சு, நானேதான் தூக்குனேன், அதுவும் மறந்துபோச்சு. அப்டேட் நவ் அமுக்குனா கொஞ்ச நேரம் சுத்திட்டு ஏதோ தப்பாயிருச்சு கனெக்‌ஷன செக் பண்ணுன்னு சொல்லுது. அந்த மெசேஜ நம்பித்தான் ரெண்டு நாள் போச்சு.

மூணாவது நாள்தான் புத்தி வந்து லாக் பாத்தேன். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள டெம்ப்னு இருக்கும், அதுல மெஷின் பேரும் தேதியும் நேரமும் போட்டு லாக் ஃபைலா குவிஞ்சு கெடக்கும். ஒன்னு தொறந்தா அனுமார் வாலு. நோட்பேட்ல ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு தேடுனேன், நெட்வொர்க் ஷேர் அட்ரஸ் அப்படித்தான் ஆரம்பிக்கும். மாட்டுச்சு. எங்க பழைய ஃபைல் சர்வரோட பேரு. 2022 மே மாசம் கழட்டி ஸ்டோர் ரூம்ல வச்சாச்சு அந்த சர்வர, அது மேல இப்ப காலண்டர் கட்டு அடுக்கி வச்சிருக்காங்க.

கதை இதுதான். 2021ல 365 போடும்போது எங்க இண்டர்நெட் லைன் ரொம்ப மெதுவு. அத்தன மெஷினும் தனித்தனியா ஜிபி கணக்குல எறக்குனா தாங்காதுன்னு ஃபைல் சர்வர்ல ஒரு ஷேர் போட்டு, நானே டவுன்லோட் பண்ணி வச்சு, குரூப் பாலிசில (எல்லா மெஷினுக்கும் ஒரே எடத்துல இருந்து போடற செட்டிங்) 'அப்டேட் பாத்', அதாவது அப்டேட் எடுக்கற எடம்னு அந்த ஷேர குடுத்திருந்தேன். கடைசியா நான் அதுல எறக்குனது 2108. அப்புறம் சர்வர் போச்சு, டேட்டா எல்லாம் நாஸ்க்கு (நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி) மாத்துனோம், டேலி மாத்துனோம், ஸ்கேனர் ஃபோல்டர் கூட மறக்காம மாத்துனோம், இது மட்டும் விட்டுப்போச்சு. மெஷினுங்க பாவம் ஒன்றரை வருஷமா செத்துப்போன சர்வர் கதவத் தட்டிக்கிட்டே இருந்திருக்கு. ஓசூர் மெஷின் எல்லாம் வேற ஓயு (பாலிசி போடறதுக்காக மெஷின பிரிச்சு வைக்கற குரூப்பு), அதுக்கு அந்த பாலிசிய நான் லிங்க் பண்ணவே இல்ல, அதனால அதுங்க நிம்மதியா தானே இண்டர்நெட்ல எடுத்துக்கிச்சு. பாலிசிய தொறந்து கமெண்ட் பாத்தா நான் எழுதி வச்சிருக்கேன், 'தற்காலிகம்'னு.

பாலிசிய எடுத்துவிட்டேன், பாலிசிய உடனே புதுப்பிக்கற ஜிபிஅப்டேட் கமாண்ட் அடிச்சேன், மறுபடி ஓட்டுனேன், மறுபடி அதே சர்வர் பேரு! இந்த எடம்தான் உண்மையிலேயே கடுப்பு. என்னன்னா, இன்ஸ்டால் பண்ணுன எக்ஸ்எம்எல் ஃபைல்லயும் அதே ஷேர எழுதி வச்சிருந்தேன், அது ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் செட்டிங் எல்லாம் சேத்து வைக்கற எடம்) கிளிக்-டு-ரன் கான்ஃபிகரேஷன் கீழ அப்டேட்யூஆர்எல்னு போயி உக்காந்துக்கிச்சு. பாலிசில இருந்து வந்தது பாலிசி போனா போயிரும், இது போகாது. இதுக்கு ஒரு வரிசை இருக்கு: பாலிசில 'அப்டேட் பாத்' குடுத்திருந்தா அது பெரிசு, அதுக்குக் கீழ பாலிசில குடுக்கற சேனல் (எவ்வளவு நாளைக்கு ஒருக்கா புது வெர்ஷன் வரணுங்கற வகை), அதுக்கும் கீழதான் இந்த எக்ஸ்எம்எல் சமாச்சாரம், எதுவுமே இல்லைன்னா கடைசியா இன்ஸ்டால் ஆனப்ப வந்த சிடிஎன் அட்ரஸ் (மைக்ரோசாஃப்ட்டோட டவுன்லோட் சர்வர்). அப்ப ஒவ்வொரு மெஷினா போயி ரெஜிஸ்ட்ரிய நோண்ட வேண்டியதில்ல, பாலிசில சேனல மட்டும் மன்த்லி எண்டர்பிரைஸ்னு குடுத்துட்டா அது எக்ஸ்எம்எல் மேல ஏறி உக்காந்துக்கும். குடுத்தேன். ஒரு மெஷின்ல டாஸ்க் ஷெட்யூலர்ல 'ஆஃபிஸ் ஆட்டோமேடிக் அப்டேட்ஸ் 2.0'ங்கறத கையால ஓட்டுனேன், சேனல் மாறுச்சு, இன்னொரு தடவ ஓட்டுனேன், டவுன்லோட் ஆரம்பிச்சிருச்சு. அந்த ப்ராக்ரஸ் பார பாத்து இவ்வளவு சந்தோஷப்பட்டது நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

சந்தோஷத்துல பாலிசிய மொத்த ஹெட் ஆபிசுக்கும் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

வேண்டாம், அதப் பத்தி பேச வேண்டாம். லைன் படுத்துருச்சு, ஈஆர்பி (பில்லு, ஸ்டாக் எல்லாம் ஓடற சாஃப்ட்வேர்) தொறக்கல, டெஸ்பாட்ச்ல லாரி நிக்குது இன்வாய்ஸ் வரலன்னு எம்டி வரைக்கும் போயிருச்சு. பாலிசிய புடுங்கிட்டு, மறுநாள் இருவது இருவதா செக்யூரிட்டி குரூப்ல பிரிச்சு, டெலிவரி ஆப்டிமைசேஷன லேன் மோட்ல வச்சு, ஒரு மெஷின் எறக்குனத பக்கத்து மெஷின் வாங்கிக்கற மாதிரி பண்ணி விட்டேன். மொதல்லயே இப்படி பண்ணியிருக்கணும்னு எனக்கே தெரியும், கமெண்ட்ல வந்து சொல்லாதீங்க.

மீதி நின்ன மெஷின்ல பாதிக்கு ஒரே காரணம், எக்ஸெல மூடவே மாட்டாங்க. ஆஃபிஸ் தொறந்திருந்தா அப்டேட் எறங்கி வாசல்ல காத்துக்கிட்டு இருக்கும், உள்ள வராது. டெட்லைன் பாலிசி போட்டா தானே மூடிட்டு ஏறிக்கும், ஆனா டெஸ்பாட்ச் அக்கா ஷீட்ட சேவ் பண்ணாம வச்சிருக்கும்போது அது மூடிச்சுன்னா நான் அந்த ஃப்ளோர் பக்கம் போக முடியாது. அதனால ஒவ்வொருத்தர் சீட்டா போயி "அக்கா, எல்லாத்தையும் சேவ் பண்ணி மூடிட்டு ஒரு டீ குடிச்சுட்டு வாங்க"ன்னு சொல்லித்தான் முடிச்சேன். ஒருத்தர் மெஷின்ல சி டிரைவ்ல எடமே இல்ல, தங்கச்சி கல்யாண வீடியோ முழுசா டவுன்லோட்ஸ்ல.

இதெல்லாம் கூட பரவால்ல. எனக்கு இன்னும் உறுத்தறது 2023 மார்ச் மெயில். அவுட்லுக்ல சிவிஇ-2023-23397னு ஒரு பாதுகாப்பு ஓட்டை வந்துச்சு ஞாபகம் இருக்கா, மெயில தொறக்கக்கூட வேண்டாம், ரிமைண்டர் மாதிரி ஒன்னு வந்து சேந்தாலே பாஸ்வேர்ட் ஹேஷ் (பாஸ்வேர்டோட உருமாத்துன வடிவம்) வெளிய போயிரும்னு எல்லாரும் அலறுனாங்க. அப்ப எம்டி நியூஸ்ல பாத்துட்டு கேட்டாரு, நான் பச்சை ஸ்கிரீன்ஷாட்ட போட்டு 'எல்லா மெஷினும் பேட்ச் ஆயிருச்சு சார்'னு பதில் போட்டேன். ஹெட் ஆபிஸ்ல ஒரு மெஷின் கூட ஆகல. வெளிய போற 445 போர்ட்ட (அந்த ஹேஷ் போற வழி) ஃபயர்வால்ல முன்னாடியே அடைச்சு வச்சிருந்ததால ஆபிசுக்குள்ள இருந்த மெஷின் தப்பிச்சிருக்கும், வீட்டுக்குப் போன லேப்டாப்புக்கு என்ன சொல்றது.

அந்த மெயிலுக்கே ரிப்ளை போட்டேன், அன்னைக்கு சொன்னது தப்புன்னு, இந்த தடவ வட்டம் இல்லாம. பவர்ஷெல்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட், ஒவ்வொரு மெஷினோட ரெஜிஸ்ட்ரில இருந்தும் வெர்ஷன்டுரிப்போர்ட்ங்கற ஒரே வேல்யூவ எடுத்து, அதுல இருக்குற பில்ட் நம்பர 2108 மாதிரி வெர்ஷன் நம்பரா மாத்தி சிஎஸ்வில போடும், அத அப்படியே அட்டாச் பண்ணேன். எம்டி திட்டல, முழுசா படிச்சிருக்காரு போல, ஒரே ஒரு வரி கேட்டாரு: "இதுல 2108னு ஒன்னு இன்னும் இருக்கே?"

அது வே-பிரிட்ஜ் (லாரி எடை போடற எடம்) மெஷின் சார். எடை மெஷின்ல இருந்து எக்ஸெலுக்கு நம்பர் இழுக்கற ஆட்-இன் போட்டுக் குடுத்தவரு இப்ப ஃபோன் எடுக்கறதில்ல, அப்டேட் பண்ணா அது ஓடுமான்னு யாருக்கும் தெரியாது. அவுட்லுக்க தூக்கிட்டு, இண்டர்நெட்ட புடுங்கிட்டு, மானிட்டர் மேல ஒரு பேப்பர் ஒட்டி வச்சிருக்கேன்.

பேப்பர்ல 'தற்காலிகம்'னு எழுதல, தேதி போட்டிருக்கேன்.