பழிச்சொல்லும் ஒரு நாள் கூலியும்

வாய்ச்சண்டைப் புகார் என்றால் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இந்திய தண்டனைச் சட்டத்தின் மூன்று பிரிவு எண்கள் சேர்ந்தே வரும்: 294(பி) (பொது இடத்தில் ஆபாசப் பேச்சு), 323 (காயம்), 506 (மிரட்டல்). அதற்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தபின் அவை 296(பி), 115(2), 351 என்று ஆகிவிட்டன. பழக்கம் அப்படியே இருக்கிறது. இவற்றில் முதல் எண்தான் கதவைத் திறக்கும் சாவி. வெறும் அவமதிப்புக்கும் சிறு காயத்துக்கும் குற்றவியல் நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல்துறை புலனாய்வில் இறங்க முடியாது. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டினால் இறங்கலாம். ஒரு புகாரில் அப்படிப்பட்ட குற்றம் ஒன்று இருந்துவிட்டால், மற்றவற்றையும் சேர்த்தே வழக்குப் பதியலாம். என் கைக்கு வந்த முதல் தகவல் அறிக்கைகள் பலவற்றில், ஊர் வேறு, ஆள் வேறு, வசவு மட்டும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருந்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022-இல், திட்டியது மட்டும் போதாது, சொல்லில் பாலுணர்வைத் தூண்டும் ஆபாசம் இருக்க வேண்டும் என்று கூறிவிட்டது. அதன்பிறகு இத்தகைய வழக்குகள் விசாரணையில் நிற்பது இன்னும் கடினம்.

இலவச சட்ட உதவி தரும் வட்ட சட்டப் பணிகள் குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் இருப்பதால், இந்த எண்களுக்குள் அடங்காதவர்கள்தான் பெரும்பாலும் என்னிடம் வருகிறார்கள். வீட்டு வேலை செய்யும் ஒரு பெண் அப்படித்தான் வந்தார். வளையலைக் காணவில்லை என்று வீட்டுக்காரம்மா அவரைத் தெருவில் நிறுத்தி, அக்கம்பக்கம் கேட்க, 'திருடி' என்று கூவியிருக்கிறார். வளையல் மறுநாள் அந்த வீட்டு பீரோவிலேயே கிடைத்துவிட்டது. அதற்குள் அதே தெருவில் வேறு இரண்டு வீடுகளிலும் அவருக்கு வேலை போய்விட்டது. காவல் நிலையத்தில் புகார் வந்ததற்கான சிஎஸ்ஆர் ரசீது ஒன்றைக் கொடுத்து, கோர்ட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சட்டப்படி அது சரி. ஆபாசமாகத் திட்டியிருந்தால் நிலையத்திலேயே வழக்கு பதிவாகியிருக்கும். பிழைப்பையே பறித்த சொல் ஆபாசமானது அல்ல என்பதால் நீதிமன்றத்துக்கு அவர் தனியே நடக்க வேண்டியிருந்தது. இதை அவரிடம் விளக்கிச் சொல்ல எனக்கு நாக்கூசியது.

"அவரை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டாம் மேடம். எந்தத் தெருவில் சொன்னாரோ அதே தெருவில், நான் திருடவில்லை என்று சொன்னால் போதும்" என்றார்.

அவர் கேட்டது சட்டத்தில் இல்லை. அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு, அபராதம் உண்டு, புதிய சட்டத்தில் சமூக சேவையும் சேர்ந்திருக்கிறது. சொன்னவரே சொல்லைத் திரும்பப் பெற வேண்டும் என்று உத்தரவிட அந்தத் தண்டனைப் பிரிவில் இடமில்லை. உரிமையியல் வழக்கு என்றால் இழப்பீடாக ஒரு தொகை கேட்க வேண்டும். தமிழ்நாடு 2017-இல் நீதிமன்றக் கட்டணத்தை 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது நல்ல காரியம். ஆனால் பணமே கேட்காதவருக்கு அதனால் என்ன பயன்?

எனவே, நேராக நடுவரிடமே கொடுக்கும் தனிநபர் புகார்தான் போட்டோம், அவதூறு என்று. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்ணுக்கு வருமான வரம்பு கிடையாது, வழக்கறிஞர் இலவசம். செலவு இருந்தது வேறிடத்தில். புகார்தாரரின் வாக்குமூலத்துக்கு ஒரு நாள், சாட்சிக்கு ஒரு நாள். இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223-ஆவது பிரிவின்படி, குற்றத்தைக் கோப்பில் எடுப்பதற்கு முன்பே எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். பழைய சட்டத்தில் இந்தக் கட்டம் இல்லை. எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டால் வாய்தா, நடுவர் விடுப்பில் இருந்தால் வாய்தா. பத்தரை மணிக்கு வந்து உட்கார்ந்தால் எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. புதிதாகக் கிடைத்த வீட்டிலும் அடிக்கடி விடுப்பு எடுத்தால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள்.

நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் அந்தத் தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுபவர். நல்ல மனிதர். என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே, "பொய் சொல்ல மாட்டேன் மேடம். ஆனால் அந்த வீட்டுத் துணியும் அவர்கள் சொந்தக்காரர் வீட்டுத் துணியும்தான் எனக்குப் பாதி வருமானம்" என்றார். அவரை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

இதே அவதூறுச் சட்டம் அதிகாரத்தில் இருப்பவருக்கு எவ்வளவு வசதியாக வளைந்துகொடுக்கிறது! அமைச்சரின் அலுவல் பற்றிய அவதூறு என்றால் அரசு வழக்கறிஞரே நேராக அமர்வு நீதிமன்றத்தில் புகாரைத் தாக்கல் செய்யலாம். அமைச்சர் கையிலிருந்து ஒரு காசும் போகாது. 2016-இல் உச்ச நீதிமன்றம் குற்றவியல் அவதூறு செல்லும் என்றது. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பத்திரிகை ஆசிரியர்கள் மீது தமிழ்நாடு அரசு தொடுத்திருந்த இத்தகைய வழக்குகள் பலவற்றை ரத்து செய்தது. அதுவரை அவர்கள் அந்த வழக்குகளைச் சுமந்துகொண்டுதான் இருந்தார்கள். சொல்லுக்குச் சிறை என்பதே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த இடத்தில், மறுப்பும் வருத்தமும் தெரிவிக்கச் செய்யும் ஒரு சிறிய, விரைவான நடைமுறை வட்ட அளவிலேயே வர வேண்டும்.

அந்தப் பெண்ணின் புகார் கடைசியில் சமரசத்தில் முடிந்தது. பணம் தருகிறோம் என்றார்கள், அவர் வாங்கவில்லை. வளையல் வீட்டிலேயே கிடைத்தது, அவர் மீது தவறில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். அதை ஜெராக்ஸ் எடுத்துப் பழைய இரண்டு வீடுகளிலும் காட்டினார். ஒரு வீட்டில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

புகார்தாரருக்கும் சாட்சிக்கும் வந்துபோகும் செலவை அரசு தர வேண்டும் என்று குற்றவியல் நீதிமன்றம் உத்தரவிடலாம். பழைய நடைமுறைச் சட்டத்தின் 312-ஆவது பிரிவு அது. புதியதில் 350. மாநில அரசின் விதிகளுக்கு உட்பட்டது என்பதால் தொகை பெரிதாக இராது. ஆனாலும் இப்போது ஏழைகளின் தனிநபர் புகார் எதுவானாலும் அந்த மனுவையும் கூடவே தாக்கல் செய்கிறேன். தள்ளுபடி ஆனால் காரணத்தை எழுத்தில் கேட்கிறேன். மனுவின் மாதிரிப் படிவம் எங்கள் குமாஸ்தாவிடம் இருக்கிறது; கேட்கும் இளம் வழக்கறிஞர்களுக்கெல்லாம் அவர் நகல் கொடுத்துவருகிறார்.