மிச்சக் காசுக்கு டொபி

கொழும்பு வெள்ளவத்தையில் மிச்சக் காசுக்குப் பதிலாக டொபி தரும் கடைகள் இன்னும் இருக்கின்றன. அடுத்த தடவை அதே டொபியைக் கொடுத்துப் பாண் கேட்டால் முதலாளி தருவாரா?

அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு 2025 ஏப்ரலில் 70 ரூபா என்று உச்ச விலை வைத்தார்கள். அதைவிட ஏன் கூட எடுக்கிறீர்கள் என்று கடையில் கேட்டால் கூலிங் செலவு என்று ஒரு கதை வரும், போத்தல் வெயிலில் கிடந்திருந்தாலும். பில் கேட்டால் முகம் கறுக்கும். ஆனால் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் அது இருக்கிறது. அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து முறையிடலாம், எத்தனை பேர் எடுக்கிறோம்?

சரி, வாங்குகிற நாங்கள் மட்டும் திறமோ. புறக்கோட்டை நடைபாதையில் கீரை விற்கும் அம்மாவிடம் இருபது ரூபாவுக்கு மல்லுக்கட்டிவிட்டு, சுப்பர் மார்க்கெட்டில் வாய் திறக்காமல் கார்டை நீட்டுகிறோம். அப்புறம், காசாளர் பிள்ளை தவறுதலாகக் கூடுதல் மிச்சம் தந்தால் சத்தமில்லாமல் பொக்கற்றில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது அந்தப் பிள்ளையின் கையில் இருந்துதான் போகும் என்று தெரிந்தும்.